வைஜயந்தியின் தாக்கம்

மார்ச் 4, திங்கள்

இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். உட்காருங்கள் என்றார். அவர் உட்காரச் சொன்னால் எதையோ என் தலையில் கட்டப் போகிறார் என்று பொருள். கட்டினார். வைஜயந்தியின் பெயரை டெல்லியில் ஏதோ ஒரு விருதுக்குப் பரிந்துரைக்கிறார்களாம். அவருடைய ஆய்வு உலகத்தில் என்னென்ன தாக்கத்தை உண்டாக்கியிருக்கிறது என்று நாற்பது பக்கத்துக்கு அறிக்கை வேண்டுமாம். ஜூன் பத்துக்குள்.

“உங்களை விட்டா யாரு சார் இருக்கா? மேடத்தோட ஆரம்பத்துலேருந்து கூடவே இருக்கீங்க.”

கூடவே இருக்கிறேனாம்! நானும் வைஜயந்தியும் இந்தப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் ஒரே மாதத்தில் சேர்ந்தவர்கள். அவர் விஞ்ஞானி ஆனார், துறைத் தலைவர் ஆனார், பேப்பரில் படம் வந்தது. நான் எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்ப அலுவலராகச் சேர்ந்தேன், இன்றைக்கும் அதுதான். மேலே போகாதவனுக்கு இங்கே கொடுக்கும் பட்டம் ‘ஆரம்பத்திலிருந்தே இருப்பவர்’.

வரும் வழியில் துவரம்பருப்பு வாங்கினேன். பினாயில் மறந்துவிட்டது. மனைவி தேவகி அதைச் சொல்லிக்காட்டினாள்.

மார்ச் 7, வியாழன்

தாக்கம் என்றால் என்ன என்று இன்று தெரிந்துகொண்டேன். உன் கட்டுரையை எத்தனை பேர் தங்கள் கட்டுரையின் அடியில் பெயர் போட்டு மேற்கோள் காட்டினார்கள் என்கிற எண்ணிக்கை. வைஜயந்தியின் வி-9 கட்டுரைக்கு 1,140.

விஷயம் சின்னது. நம் உடம்பில் காவல் காக்கும் செல்கள் புற்றுநோயைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிடும், எங்கள் வாசல் செக்யூரிட்டியைப் போல. அவற்றைத் தட்டி எழுப்பும் வைத்தியம்தான் இம்யூனோதெரபி. அதற்கு ஏற்கெனவே ஊசி இருக்கிறது. ஆனால் முக்கால்வாசிப் பேருக்குக் கேட்பதில்லை. அந்த ஊசியோடு வி-9 என்ற தன்னுடைய மருந்தையும் சேர்த்துப் போட்டால் எலிகளுக்குக் கட்டி கரைகிறது என்பது வைஜயந்தியின் கண்டுபிடிப்பு.

மேற்கோள் காட்டிய மகான்களில் பதினைந்து பேரை எடுத்துப் படித்தேன். நாங்கள் செய்தது தோல் புற்றுநோய். ஏழு பேர் குடல் புற்றுநோய் என்கிறார்கள், அதுவும் ஒரே வாக்கியத்தில், ஒரு சொல்கூட மாறாமல். முதல் ஆள் படிக்காமல் எழுதியதை மற்ற ஆறு பேர் படிக்காமல் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இன்னொருவர் நோயாளிகள் குணமானதாகவே எழுதிவிட்டார். அன்றைய தேதிக்கு ஒரு நோயாளிக்குக்கூட அந்த மருந்தைக் கொடுத்ததில்லை. ஆயிரத்து நூற்று நாற்பது பேரில் பதினொரு பேர் படித்திருந்தால் அதிகம்.

மார்ச் 10, ஞாயிறு

தங்கை குமுதா திண்டிவனத்திலிருந்து போன் செய்தாள். மாப்பிள்ளைக்கு நுரையீரல் புற்றுநோய்க்கு முதல் சுற்று கீமோ கேட்கவில்லையாம். எங்கள் நிறுவன மருத்துவமனையில் காட்டச் சொல்லிவிட்டார்களாம். நாளைக்கு இரண்டு பேரும் வருகிறார்கள், இங்கேதான் தங்குவார்கள்.

மாப்பிள்ளை தணிகாசலம் முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்ற பிறகும் வாய்க்கு ஓய்வில்லை. வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் ரிமோட்டை எடுப்பார், அடுத்தது என் நாற்காலியை.

மார்ச் 12, செவ்வாய்

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. வாஷர் எப்படி மாற்றவேண்டும் என்று மாப்பிள்ளை அரைமணி நேரம் விளக்கினார். நான்தான் மாற்றினேன்.

மார்ச் 18, திங்கள்

அறிக்கைக்காக 2015-ஆம் வருஷத்து எலிக்கூடப் பதிவேட்டை எடுத்தேன். எல்லாம் என் கையெழுத்து. கூண்டு எண், எடை, தீனி, தண்ணீர். ஊசி மட்டும் போட்ட எலிகள் இருபது, வி-9 சேர்த்துப் போட்டவை இருபது. மே மாதத்தில் ஒரு நாள், பதினெட்டாம் தேதி, ‘வழக்கம்போல்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. அன்றைக்குப் பழைய கூடத்தில் ஏ.சி. நின்றுபோனது. சரி, அது இப்போது எதற்கு. பதிவேட்டைத் திரும்ப வைத்துவிட்டேன்.

வைஜயந்தி எலிக்கூடத்துப் பக்கம் வந்ததே இல்லை. எலி என்றால் அவருக்கு மூச்சு இழுக்கும். எலியைப் பார்க்காமலேயே எலி ஆய்வில் உலகப் புகழ் பெற்ற ஒரே ஆள் இவராகத்தான் இருக்கும். அறிக்கையில் இதைத் தாக்கம் என்ற தலைப்பில் சேர்க்கலாமா என்று யோசித்தேன்.

மார்ச் 22, வெள்ளி

மாப்பிள்ளையோடு மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, இரண்டாம் சுற்று கீமோ; வேறு மருந்து. இரண்டாவது, எங்கள் நிறுவனத்திலேயே இப்போது தொடங்கியிருக்கும் சோதனையில் சேர்வது. அதில் கீமோ கிடையாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இம்யூனோதெரபி ஊசி, கூடவே வி-9. ஒரே ஓர் இடம்தான் பாக்கி, உடனே முடிவு சொல்லவேண்டும் என்றார்.

மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கவேண்டுமே! லாட்டரி விழுந்த மாதிரி.

“நம்ம மச்சான் வளத்த எலிக்குப் போட்ட மருந்து டாக்டர்! சும்மாவா!”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடமும் இதையே சொன்னார். அவர் பெயர் ஜெயசீலன், அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார், இதே நோய், இதே நிலை. அவர் காத்திருப்போர் பட்டியலில் அடுத்த ஆள். மாப்பிள்ளை இடத்தைப் பிடித்துவிட்டாரே என்று வருத்தம்கூட இல்லாமல், “நல்லபடியா ஆவட்டும் சார்” என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்படிப்பட்டவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

வீட்டுக்கு வந்ததும் குமுதா கேட்டாள். “அண்ணா, எங்களுக்கு ஒண்ணும் புரியல. நீ சேருன்னு சொன்னா கையெழுத்துப் போடுறோம். வேணாம்னா வேணாம்.”

பார்க்கலாம் என்றேன்.

மார்ச் 25, திங்கள்

ஒன்பது வருஷமாக இதை எங்கும் எழுதியதில்லை. இங்கே எழுதினால் மட்டும் யார் படிக்கப்போகிறார்கள்.

2015 மே பதினெட்டு. வேறொரு நிறுவனத்தில் விஞ்ஞானி வேலைக்கு நேர்முகம். லீவு போடாமல் போனேன். கிடைக்காவிட்டால் யாருக்கும் தெரியக்கூடாதே. கிடைக்கவில்லை. மூன்று மணிக்குத் திரும்பி வந்தால் பழைய கூடம் அடுப்பாகக் கொதிக்கிறது. வி-9 போட்ட எலிகளை எதிர்க்கட்டடத்துப் புதுக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மற்ற இருபதுக்கும் அங்கே இடமில்லை. அவற்றைப் பழைய இடத்திலேயே விட்டு ஃபேன் போட்டேன். புதுக் கூடத்தில் கழுவின கூண்டும் இல்லை. வேறு எலிகள் இருந்த அழுக்குக் கூண்டிலேயே இவற்றை விட்டேன். எலி புழுக்கையைத் தின்னும். அந்த எலிகளின் குடலில் இருந்த கிருமிகள் இவற்றின் குடலுக்குப் போயின.

மறுநாள் ஏ.சி. சரியாகிவிட்டது. திரும்பத் தூக்கிவரச் சலிப்பாக இருந்தது. அங்கேயே விட்டுவிட்டேன். கூண்டுகளை ஊசி அறைக்குக் கொண்டுவந்து கொடுப்பதும் எடுத்துப்போவதும் என் வேலை, எந்தக் கூடத்திலிருந்து வருகிறது என்று எவரும் கேட்டதில்லை. பதிவேட்டில் எழுதினால் பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை எங்கே போனாய் என்று கேட்பார்கள். அதனால் ‘வழக்கம்போல்’.

மறுபடி ஒருமுறை செய்துபார்த்தபோது வைஜயந்தி என்னிடம் சொன்னார்: “போன தடவை எலிங்களை எப்படி வெச்சிருந்தீங்களோ அப்படியே வைங்க. ஒண்ணுகூட மாறக் கூடாது.” அப்படியே வைத்தேன். பாதி அங்கே, பாதி இங்கே. சொன்னதைச் செய்தேன், அவ்வளவுதான்.

பிறகு, குடல் கிருமிகள் மாறினாலே இம்யூனோதெரபி ஊசி எலிகளுக்கு நன்றாகக் கேட்கிறது என்று வெளிநாட்டு ஆய்வுகள் வர ஆரம்பித்தன. படித்த உடனே புரிந்துவிட்டது. கட்டியைக் கரைத்தது வி-9 இல்லை. நான் மாற்றிவைத்த கூண்டு. அன்றைக்கு நான் சிரித்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. அதற்குப் பிறகு வைஜயந்தி மேடை ஏறும்போதெல்லாம் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, எலிப்புழுக்கைக்குக் கைதட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். எனக்குக் கிடைக்காத பதவி உயர்வுகளுக்கெல்லாம் சேர்த்து அந்த ஒரு சந்தோஷம்தான்.

மார்ச் 28, வியாழன்

காலை டிபன் சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். “அந்தச் சோதனை வேணாம் மாப்பிள்ளை. கீமோவே போட்டுக்குங்க.”

“ஏன் மச்சான்? உங்க மருந்தாச்சே?”

அலைச்சல் அதிகம், ரத்தம் நிறைய எடுப்பார்கள், உங்கள் உடம்பு தாங்காது என்று ஏதோ சொன்னேன். மாப்பிள்ளை முகம் தொங்கிப்போனது. குமுதா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள்.

சோதனையை நிறுத்துவது என் வேலையில்லை. அதற்கு நெறிமுறைக் குழு இருக்கிறது, பதினொரு பேர், கூட்டம் நடந்தால் முந்திரி பக்கோடா வரும். அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 3, புதன்

மாப்பிள்ளையின் இடத்தில் ஜெயசீலனைச் சேர்த்துக்கொண்டார்கள். இன்றைக்கு அவருக்கு முதல் ஊசி. மாப்பிள்ளை கீமோ நாற்காலியிலிருந்தே போன் போட்டு வாழ்த்தினார். “மச்சான், மனுஷனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான் விட்டுக்குடுத்தேன்னு சொல்லிச் சொல்லி மாயுறாரு.”

பினாயில் வாங்கினேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. பாயசம். மாப்பிள்ளைக்கு முடி கொட்டிவிட்டது, வாந்தி, ஆனாலும் ஒரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தினமும் ஜெயசீலனோடு போனில் அரட்டை. இரண்டு பேருக்கும் அப்படி என்னதான் பேச இருக்கிறதோ. வாய் ஓயாத இரண்டு பேரைக் கடவுள் ஒரே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்.

அறிக்கை இருபத்திரண்டு பக்கம்.

ஏப்ரல் 22, திங்கள்

வைஜயந்தி எலிக்கூடத்துக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் முதல்முறை. மூக்கில் இரண்டு முகக்கவசம், அப்படியும் கண்ணில் நீர். அறிக்கையைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“பாண்டுரங்கன், உங்க தங்கச்சி வீட்டுக்காரர் நம்ம சோதனையில சேர்றதா இருந்து வேணாம்னுட்டாராமே. நீங்கதான் வேணாம்னீங்கன்னு டாக்டர் சொன்னாரு.”

“குடும்ப விஷயம் மேடம்.”

கையில் இருந்த கவரைத் திறந்து காட்டினார். நான்கு கடிதங்கள். நான்கு ஊர்களில் வி-9-ஐ எலிகளுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், எங்குமே கட்டி கரையவில்லை. பலிக்காததை யாரும் கட்டுரையாகப் போடமாட்டார்கள் என்பதால் வெளியே தெரியவில்லை. இவருக்கு மட்டும் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் செய்முறையில்தான் கோளாறு என்று நெறிமுறைக் குழு ஒதுக்கிவிட்டதாம். “எனக்கு மனசு ஒப்பல. நாம செய்ததுல என்னமோ ஒண்ணு வேற மாதிரி இருந்திருக்கு. என்னன்னு எனக்குத் தெரியல. உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வருதா?”

“எல்லாம் பதிவேட்டுல இருக்கு மேடம்” என்றேன்.

தும்மினார். போய்விட்டார். சந்தேகம் இருக்கும்போதே மனிதர்களுக்குப் போட ஆரம்பித்துவிட்டு, இப்போது என்னிடம் வந்து நிற்கிறார். இதுதான் உலகத் தரம்.

மே 15, புதன்

அறிக்கை முப்பத்தொரு பக்கம். ஜெயசீலனுக்கு மூன்றாவது ஊசி என்று மாப்பிள்ளை சொன்னார். நான் கேட்கவில்லை.

ஜூன் 5, புதன்

சாயங்காலம் மாப்பிள்ளை என் நாற்காலியில் உட்காரவில்லை. டிவியையும் போடவில்லை. என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார். என் வீட்டில் என்னை.

அவருக்குக் கட்டி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. ஜெயசீலனுக்கு ஸ்கேனில் இரண்டு மடங்காகிவிட்டது, ஈரலுக்கும் போய்விட்டது. இன்றைக்குப் போடவேண்டிய ஊசியைத் தள்ளிவைத்துவிட்டார்கள். இனிமேல் கீமோ போடவும் அவர் உடம்பில் தெம்பில்லையாம்.

“மச்சான், ஒண்ணு கேக்கறேன். அந்த மருந்து வேலைக்கு ஆவாதுன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?”

மருத்துவத்தில் எதையும் நிச்சயமாகச் சொல்லமுடியாது என்று ஆரம்பித்தேன்.

“டிக்கெட் இல்லாதவன் மூஞ்சிய முப்பது வருஷம் பாத்தவன் நான். தெரியுமா தெரியாதா, அத மட்டும் சொல்லுங்க.”

தெரியும் என்றேன். கூண்டை மாற்றியதையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. குமுதா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப எனக்குச் சொன்னத அவருக்கும் சொல்லியிருக்கலாமே. பக்கத்து பெஞ்சுதான?” மாப்பிள்ளை கத்தவில்லை. அவர் குரலை இவ்வளவு தாழ்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. “அந்த எடம் நான் குடுத்ததுன்னு அந்த மனுஷன் தெனம் எனக்காக ஜெபம் பண்றாரு மச்சான். நீங்களே போய்ச் சொல்லிடுங்க. என்னால முடியாது.”

குமுதா துணிமணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். அடுத்த கீமோவுக்குத் திண்டிவனத்திலிருந்தே வந்துபோவார்களாம். தேவகி தடுத்துப் பார்த்தாள். நான் தடுக்கவில்லை, தடுக்க எனக்கு என்ன முகம் இருக்கிறது.

ஜூன் 6, வியாழன்

வைஜயந்தியிடம் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன், ஏழெட்டு நிமிஷம் ஆனது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன்: நீங்கள் ஒருமுறையாவது கூடத்துக்கு வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்று.

அவர் முதலில் மருத்துவமனைக்குப் போன் போட்டார். “இனிமே யாருக்கும் வி-9 போடாதீங்க. காரணம் எழுத்துல அப்புறம் தர்றேன். மொதல்ல நிறுத்துங்க.” அடுத்தது இயக்குநருக்கு. விருதுக்குப் பெயரை அனுப்பவேண்டாம், கட்டுரையைத் திரும்பப் பெறப்போகிறேன் என்றார். அந்தப் பக்கம் இயக்குநர் என்னென்னவோ சொல்வது கேட்டது. வைஜயந்தி, “இல்ல சார். கூடத்துக்கு நான் போய்ப் பாத்திருக்கணும். தப்பு என்னுது” என்று வைத்துவிட்டார்.

தயாராக வைத்திருந்த பதில் வீணாய்ப்போனது.

பிறகு நோட்டை எடுத்துத் தேதி கேட்டார். எந்தக் கூண்டு, எத்தனை நாள், எந்தக் கூடம். எல்லாவற்றையும் அவர் கையாலேயே எழுதிக்கொண்டார். கடைசியில் நிமிர்ந்து, “பதினேழு பேருக்குப் போட்டிருக்கோம் பாண்டுரங்கன்” என்றார். இருபத்தாறு வருஷமாக இந்தப் பெண்மணியைத் தூக்கியெறிந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறேன், மனசுக்குள்ளேயே. அவர் என்னை அப்படி ஒருமுறைகூட நினைத்ததில்லை என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. இனிமேல் நினைப்பார்.

ஜூன் 9, ஞாயிறு

அம்பத்தூர் போனேன். மருத்துவமனை நாளைக்கு எல்லோரையும் கூப்பிட்டு முறைப்படி சொல்லும். அதற்கு முன்னால் நானே சொல்லவேண்டும் என்று போனேன். பட்டறைக்குப் பின்னால் வீடு. ஜெயசீலன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், பாதி ஆளாகிவிட்டார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார்.

“தணிகாசலம் சாரோட மச்சான்” என்று மனைவி எஸ்தரிடம் அறிமுகப்படுத்தினார். “இவங்க வீட்டு எடந்தான் நமக்குக் கெடச்சது.” அந்த அம்மாள் கண் கலங்கி, காபி போட உள்ளே போனார்.

“அடுத்த ஊசி எப்ப சார் போடுவாங்க? புதன்கிழமை போடவேண்டியது. கட்டி மொதல்ல பெருசான மாதிரி தெரியுமாம், அப்புறம்தான் சுருங்குமாம். நெட்ல போட்டிருக்கான்.”

இனிமேல் ஊசி கிடையாது என்றேன். வி-9 எலிகளிலேயே வேலை செய்யவில்லை, நான் கூண்டை மாற்றிவைத்ததால் வேலை செய்வதுபோலத் தெரிந்தது, அது எனக்குப் பல வருஷமாகத் தெரியும், மாப்பிள்ளையை வேண்டாம் என்று தடுத்தது அதனால்தான் என்று வரிசையாகச் சொன்னேன். எஸ்தர் காபியோடு வந்து நின்றது தெரிந்தது. நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க என்னால் முடிந்திருக்காது.

ஜெயசீலன் கோபப்படுவார், அடிக்கக்கூட வருவார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“அவருகிட்ட வேணாம்னு என்னைக்கு சார் சொன்னீங்க?”

“மார்ச் இருபத்தெட்டு.”

“எனக்கு மொத ஊசி ஏப்ரல் மூணு.” விரலை மடக்கி எண்ணினார். லேத் பட்டறைக்காரர், இரண்டாம் தடவையும் எண்ணிச் சரிபார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஆறு நாள் இருந்திருக்கு சார்.”

ஆமாம் என்றேன்.